வைரக்கண்ணு சிரித்த ஆறு நொடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. நான் சொல்லப்போவதில் முக்கியமான பகுதி நடந்தபோது நான் அங்கே இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது, செங்கத்துக்குப் பக்கத்தில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒருவரிடம் இல்லை, பலரிடம். டைரக்டரே மூன்று மேடைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேனேஜர் சொல்லியிருக்கிறார். ஆபீசில் டீ போடுகிற அண்ணன்கூடச் சொல்வார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதனால்தான் நம்பினேன். கேட்டதைக் கேட்டது என்றும், பார்த்ததைப் பார்த்தது என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது முக்கியம்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு வருகிறாயே, யாராவது ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டீர்கள். அப்படி இல்லை அக்கா. நான் சினிமாவில் உதவி இயக்குநர். அறவாழி சாரிடம் வேலை பார்க்கிறேன். ஆமாம், 'ரணசூரன்' எடுத்தவர்தான். உங்கள் பையன் ஏழு தடவை பார்த்தானா? எல்லோர் வீட்டுப் பையனும் ஏழு தடவை என்றுதான் சொல்கிறான்.

ஆனால் நான் அதைப் பார்த்துவிட்டு அவரிடம் போகவில்லை. அவருடைய முதல் படம் 'நாற்பது கிலோ'. பதினாறு வருடத்துக்கு முன்னால் வந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நாலு நாள்தான் ஓடியது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் ஒரு கிழவரைப் பற்றிய கதை. நாற்பது கிலோ என்பது ஒரு மூட்டையின் எடை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. கடைசியில் கிழவர் செத்துப்போவார். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, காலிக் களத்துக்கு மேலே ஒரு மேகம் நகரும். அவ்வளவுதான். இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு நொடி, வெட்டே கிடையாது. அந்த மேகத்துக்காகத்தான் விருது கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். கல்லூரியில் ஒரு மதியம் அந்தப் படத்தைப் போட்டார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் அந்த மேகத்தைப் பார்த்து அழுதேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. என் அப்பா கல்லுடைக்கிறவர், அதனால் இருக்கலாம். இறுதியாண்டு ரிப்போர்ட்டை அந்த மேகத்தைப் பற்றித்தான் எழுதினேன், நொடி நொடியாக எண்ணி.

அதை எடுத்துக்கொண்டுதான் சாலிகிராமத்துக்குப் போனேன். வாசலில் ஒன்பது நாள் நின்றேன். பத்தாம் நாள் சார் கூப்பிட்டார். "மேகத்த வினாடி வினாடியா எண்ணியிருக்கியேம்மா. உனக்கு வேற வேலை இல்லியா?" என்றார். இல்லை சார் என்றேன். சிரித்துவிட்டார். "கன்டினியூட்டிக்கு நீதான் சரி" என்று சேர்த்துக்கொண்டார். போன காட்சியில் பொத்தான் போட்டிருந்ததா, கழற்றியிருந்ததா என்று எழுதிவைக்கிற வேலை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனது நான்தான். அதனால் எதையும் மூன்று தடவை சரிபார்க்கிற பயம் உண்டு. அந்த வேலைக்கு அந்தப் பயம்தான் தகுதி.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு அக்கா. யாராவது செத்த மாதிரி நடித்தால், காட்சி முடிந்ததும் அவரை எழுப்பிக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். அதையும் எடுப்பார்கள். படத்தில் வராது. சாவு அவரோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. கடவுளே இல்லை என்று பேசுகிற நடிகர்கூட சிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இப்போது கேட்ட கதை. 'நாற்பது கிலோ'வில் கிழவராக நடித்தவர் நடிகர் இல்லை. வைரக்கண்ணு என்று உண்மையிலேயே மூட்டை தூக்குகிறவர். அவரைப் பாடையில் படுக்க வைத்து, நாடிக்கட்டு கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடுத்தார்களாம். அப்போதெல்லாம் ஃபிலிம். ஒவ்வொரு அடியும் எண்ணித்தான் செலவழிப்பார்கள். காட்சி முடிந்தபோது சுருளில் கடைசிக் கொஞ்சம்தான் மிச்சம். கேமராமேன் வேண்டாம் என்றாராம். சார், "ஒரு மனுஷன் உசுரைவிட ஃபிலிம் பெருசா?" என்று கேட்டு, அந்தக் கடைசி அடிகளில் வைரக்கண்ணுவைச் சிரிக்க வைத்து எடுத்தாராம். சிரித்த குலுக்கத்தில் நெற்றிக் காசு மடியில் விழுந்ததாம். யூனிட்டே கைதட்டியதாம்.

இந்த இடத்தில் மேடையில் சாருடைய குரல் கொஞ்சம் உடையும். எனக்கும் கண் நிறையும்.

அதற்கப்புறம் 'வடிகால்' எடுத்தார், அது வெளியாகவே இல்லை. ஆறு வருடம் படம் இல்லை. வீட்டு வாடகைக்கு விளம்பரப் படம் எடுத்தார் என்பார்கள். பிறகுதான் ஒரு பெரிய தயாரிப்பாளர் கூப்பிட்டு 'ரணசூரன்'. இப்போது இரண்டாம் பாகம். சார் மாறிவிட்டார் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தால் தெரியும்.

இது நான் பார்த்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு போர்க்களம். முந்நூறு பிணம். வெயிலில் காலையிலிருந்து படுத்திருக்கிறார்கள். ஷாட் ஓகே ஆனதும் முந்நூறு பேரும் எழுந்திருக்க வேண்டியதுதான். முனிரத்தினம் என்று ஒரு துணை நடிகர், வயதானவர், எழுந்திருக்கவில்லை.

"என்னய்யா, நெஜமாவே போயிட்டியா?" என்று பக்கத்துப் பிணம் கேட்டது.

"சிரிக்காம எந்திரிக்க மாட்டேன். வூட்ல பேரனுக்குக் காது குத்து வெச்சிருக்கேன்" என்றார் முனிரத்தினம்.

அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் படுத்துவிட்டார்கள். அப்புறம் நாற்பது பேர். எங்கள் இணை இயக்குநர் பிரான்சிஸ் அண்ணன் ஓடிப்போய் மைக்கை எடுத்தார். "டெட் பாடி எல்லாம் கேளுங்கப்பா! தனித்தனியா சிரிக்க டைம் கிடையாது. நான் மூணு எண்ணினதும் எல்லாரும் மேல டிரோனைப் பார்த்து ஒரே தடவையா சிரிங்க. ஹீரோ சார் கேரவன்ல வெயிட் பண்றாரு!"

சிரித்தார்கள் அக்கா. முந்நூறு பேர், ரத்தம் பூசிய முகத்தோடு, வானத்தைப் பார்த்து. மானிட்டரில் அதைப் பார்த்த சார், "இதை டெலிட் பண்ணிருங்க, இடத்தை அடைக்கும்" என்றார். சரிதானே? டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. நோட்டில் 'அழிக்கப்பட்டது' என்று நான்தான் எழுதினேன்.

எடிட்டிங்கில் ஒரு சிக்கல் வந்தது. ஹீரோ தன் அப்பாவை நினைத்துப் பார்க்கிற இடம். அப்பா ஒரே ஒரு தடவை சிரிக்க வேண்டும். ஒரு பெரிய நடிகரை வைத்து எடுத்தோம். எத்தனை தடவை எடுத்தாலும் அது விளம்பரச் சிரிப்பாகவே இருந்தது. ஒரு நாள் சார் எழுந்து நின்றார். "வைரக்கண்ணு சிரிப்பு இருக்குடா" என்றார்.

லேபில் பழைய சுருள்கள் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றையும் டிஜிட்டலாக மாற்றி டிஸ்கில் கொடுத்தார்கள். எடிட்டர் தேடிப்பிடித்துப் போட்டுக் காட்டினார். ஆறு நொடி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிழவர், யாரோ ஏதோ சொன்னதற்கு, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறார். படத்தின் விலையில் பாதி அந்த ஆறு நொடிக்குக் கொடுக்கலாம். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது: அது படத்தில் வராது என்று சொல்லித்தானே அவரைச் சிரிக்க வைத்தார்கள்? ஆனால் கேட்கவில்லை. புதிதாக வந்தவள் கேட்கிற கேள்வி இல்லை அது. என் பெயர் இந்தப் படத்தில்தான் முதல் தடவையாகத் திரையில் வரப்போகிறது. அம்சவேணி என்று முழுதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பா இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

வக்கீல் சொன்னார், குடும்பத்தில் ஒருவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று. வைரக்கண்ணு உயிரோடு இல்லை. மகளிடம் என்னை அனுப்பினார்கள். போன மாதம் இதே பஸ்ஸில்தான் போனேன்.

தையல்நாயகி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். நாற்பத்து நாலு வயது இருக்கும். வாசலில் என்னைப் பார்த்ததும், "யாரு தங்கச்சி, கணக்கெடுக்க வந்தியா? எங்க வூட்ல பாத்ரூம் இருக்கு, எழுதிக்க" என்றார். சினிமாக் கம்பெனி என்றதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் காகிதத்தை எடுத்து முழுதாகப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை. சின்ன வயதில் என் அப்பா ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துப் பட்ட பாடு எனக்குத் தெரியும். படித்துக் காட்டியவன் ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படித்திருந்தான். அதனால் நான் எந்தக் காகிதத்திலும் ஒரு வரி விடமாட்டேன். கமாவைக்கூடச் சொல்லிப் படிப்பேன்.

அவருக்குக் காகிதம் பெரிதாகப் படவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"எங்கப்பா சிரிச்சது இருக்கா? நெஜமாவே இருக்கா?"

அப்புறம் சொன்னார். அப்பாவைப் படத்துக்குச் சம்மதிக்க வைத்ததே இவர்தானாம். அப்பா இவர் பேச்சைத்தான் கேட்பாராம். பாடையில் படுக்கிற அன்றைக்கு மட்டும் பார்க்க மனசு வராமல் மூட்டைக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாராம். முடிந்து வந்தபோது டைரக்டர், "சிரிக்க வெச்சுத்தான் எழுப்பினேன் தையலு, பயப்படாத" என்றாராம். அதிலிருந்து நாற்பத்து மூன்றாம் நாள் வைரக்கண்ணு கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு விழுந்து இறந்துபோனார். நெஞ்சுவலி.

"எங்கண்ணன் கலியமூர்த்தி அப்ப திருப்பூர்ல இருந்திச்சு. சாவுக்கு வந்து என்னைய ஒரு வார்த்த கேட்டிச்சு. உசுரோட இருந்த மனுசன பாடையில படுக்க வெச்சவ நீதானேன்னு. அன்னியோட சரி. பதினாறு வருசமா இந்த வாசப்படி மிதிக்கல. நாலு தெரு தள்ளித்தான் இருக்கு."

"சிரிக்க வைத்ததைச் சொல்லவில்லையா?"

"சொல்லாம இருப்பனா? 'நீ பாத்தியா?'ன்னு கேக்குது. நான் கொட்டாய்க்குப் பின்னாடியில்ல ஒக்காந்திருந்தேன்? என்னத்த சொல்லுவேன்?"

அவருடைய மகளுக்கு வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் வந்து மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள். "அந்தச் சிரிப்ப எனக்கு ஒரு காப்பி குடு தங்கச்சி. அண்ணன் கண்ணால பாக்கட்டும். பாத்தா வந்துரும். அதுக்கும் வரணும்னுதான் இருக்கு, வீம்பு" என்றார்.

தருகிறேன் என்றேன்.

பேனாவை வாங்கினவர் நிறுத்தினார். "நீ பாத்தியா, அப்பா சிரிச்சத?"

"பார்த்தேன் அக்கா."

"பாடையில படுத்து எந்திரிச்ச அப்புறந்தானே?"

"ஆமாம் அக்கா."

"படிச்ச புள்ள. நீ சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

'பார்த்தேன்' என்பது உண்மை. 'ஆமாம்' என்பது கேள்விப்பட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆனால் பொய் இல்லை அக்கா, அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அதுதான்.

திரும்பிப் போய் அவருக்குக் காப்பி எடுப்பதற்காக அந்தப் படத்துண்டை மறுபடியும் ஓடவிட்டேன். வேலைப் பழக்கம், நெற்றியைப் பார்த்தேன். காசு இல்லை. சரி, விழுந்துவிட்டிருக்கும். நாடிக்கட்டு இல்லை. அவிழ்த்திருப்பார்கள். நெற்றியில் திருநீறுகூட இல்லை, வேர்வைதான் இருந்தது. பிறகு படத்துண்டின் தொடக்கத்துக்குப் போனேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒரு பலகையைத் தட்டுவார்கள், க்ளாப் என்போம், அதில் எண் எழுதியிருக்கும். சிரிப்புக்கு முன்னால் இருந்த பலகையில்: காட்சி 41, ஷாட் 1. பிணமாகப் படுத்திருப்பது ஷாட் 2-இலிருந்து 6 வரை. எடுத்த வரிசையில்தான் எண் போடுவோம்.

மறுநாள் டப்பிங் தியேட்டரில் சாரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஹெட்போனைக் கழற்றினார்.

"அது லைட் பாக்க எடுத்தது அம்சா. அப்புறமும் சிரிச்சாரு. அப்ப ரோல்ல ஃபிலிம் இல்ல, தீர்ந்துபோச்சு. அதனால கேமரா ஓடல. ஆனா சிரிச்சாரு. நான் கும்பிட்டுச் சிரிக்கச் சொன்னேன். கேமராவுக்குள்ள ஃபிலிம் இருந்தாத்தான் சாமி ஒத்துக்குமா?"

மேடையில் கடைசி அடி என்று சொன்னீர்களே சார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"க்ளாப்ப எடுத்துட்டு அந்தம்மாவுக்குக் குடு. அவங்களுக்கு எதுக்கு நம்பரெல்லாம்?" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. உண்மையில் சிரித்திருக்கிறார், கேமராவில் இல்லை, அவ்வளவுதானே? நானே உட்கார்ந்து முன்னால் க்ளாப் இருந்த மூன்று நொடியை வெட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. வெளியே கொடுக்கும்போது க்ளாப்பை எடுப்பதுதான் முறையும்கூட.

அதுதான் இந்தப் போனில் இருக்கிறது. பாருங்கள். நல்ல சிரிப்பு, இல்லையா? நீங்களே சிரிக்கிறீர்கள் பாருங்கள்.

ஒரு நிமிடம் அக்கா, தையல் அக்காதான் கூப்பிடுகிறார்.

அலோ... சொல்லுங்கக்கா... சீர்காழி தாண்டிட்டேன்... வந்துட்டாரா? உள்ளேயா?... இல்ல, இருக்கு, போன்லயே இருக்கு... ஆமாக்கா. பெருசா தெரியும்... ஆறு நொடிதான்... திருப்பித் திருப்பிப் பாக்கலாம்... வைங்கக்கா.

அண்ணன் வந்துவிட்டாராம். வாசப்படி மிதித்துவிட்டாராம். நாற்காலி போட்டால் உட்காராமல், "அந்தப் பொண்ணு வரட்டும்" என்று நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறாராம். மகள் காபி கொடுத்தாளாம், வாங்கிக்கொண்டாராம். குடிக்கவில்லையாம். தையல் அக்கா இதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். அவருக்குப் பின்னால் யாரோ இருமுவது எனக்குக் கேட்டது.

சொல்லிவிடு என்கிறீர்களா? எதை அக்கா? சிரித்தார் என்பதையா, முன்னாலேயே சிரித்துவிட்டார் என்பதையா? பதினாறு வருடம் கழித்து ஒரு மனிதர் படியேறி வந்து நிற்கிறார். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன குறை? நீங்கள் பெரியவர்கள், நீங்களே சொல்லுங்கள். சாரும் பொய் சொல்லவில்லை, ஃபிலிம் இல்லை என்றுதானே சொன்னார்.

மாயவரம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள், நான் இறக்கித் தருகிறேன். ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டேன். அதையும் கேட்டுவிட்டு இறங்குங்கள். கண்டக்டர், ஒரு நிமிஷம் அண்ணா, இறங்குறாங்க.

நேற்று அந்த டிஸ்கை லேபுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பும்போது ஒவ்வொரு சுருளிலும் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அது என் வேலை. அந்தச் சுருளைக் கடைசிவரை ஓடவிட்டேன். பிணத்தின் கடைசி ஷாட்டுக்குப் பிறகு ஃபிலிம் தீரவில்லை அக்கா. இன்னொரு க்ளாப் வருகிறது. காட்சி 58, ஷாட் 1. அதுதான் மேகம். இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு நொடி, நான் எண்ணிய அதே மேகம், அதற்குப் பிறகுதான் சுருள் தீர்கிறது. க்ளாப் பலகை விலகியதும் கேமரா மேலே திரும்புகிறது. திரும்புவதற்கு முன்னால், ஒரு நொடிகூட இருக்காது, கீழே பாடை தெரிகிறது. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வைரக்கண்ணு இன்னும் படுத்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. நெற்றியில் காசு இருக்கிறது.